மஞ்சள் காட்டிய ஸ்கிரீன்

அம்பர்நாத்
4 பிப்ரவரி 2024

ஸ்டெர்லின் அவர்களுக்கு,

"அன்புள்ள" என்று எழுதக் கை வரவில்லை. விட்டுவிட்டேன்.

ஹார்ட் டிஸ்க்கை வெயிலுமுத்து அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். பாவம், தாராவியிலிருந்து இங்கே பாக்டரிக்கு வேலைக்கு வருகிற மனுஷன், நம் சண்டைக்குத் தபால்காரர் ஆகிவிட்டார். உங்கள் நம்பரை நான் பிளாக் செய்தது செய்ததுதான். போனில் பேசினால் நீங்கள் கத்துவீர்கள், பதிலுக்கு நான் கத்துவேன், என் அக்கா வீட்டில் மானம் போகும். நீங்கள் படம் எடுங்கள், நான் எடிட் செய்து அனுப்புகிறேன். தொழில் நடக்கட்டும். சொல்ல வேண்டியது இருந்தால் எழுதி டிஸ்க்கோடு வையுங்கள். உங்களுக்குத் தமிழ் எழுத வராது என்று தெரியும். மாமாவை எழுதச் சொல்லுங்கள். நம் சாலில், அந்த வரிசை வீடுகளில், பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவர். அவர் எழுதினால் உங்கள் வாயில் வருவது கொஞ்சம் வடிகட்டியாவது வரும்.

ஜாபெஸ் கல்யாண ஆல்பத்தில் பெண்ணின் முகம் நீலம் பாரித்து வந்தது யார் தப்பு? லேப்டாப் வாங்கப் போகும்போது படித்துப் படித்துச் சொன்னேன். மற்றது எது குறைந்தாலும் பரவாயில்லை, போட்டோ வேலைக்கு ஸ்கிரீன்தான் முக்கியம் என்றேன். நீங்கள் கீபோர்டில் சிவப்பு லைட் எரிகிறது என்று பல்லெல்லாம் தெரிய வந்து நின்றீர்கள். யாரோ ஸ்கிரீனை மாற்றி ஒட்டிய செகண்ட் ஹாண்ட் மெஷின். வெள்ளைச் சேலைகூட அதில் மஞ்சளாகத் தெரியும். மஞ்சளைக் குறைக்கிறேன் என்று நான் நீலத்தைக் கூட்டினேன். பிரிண்ட்டில் அந்தப் பெண் குளிரில் விறைத்தவள் மாதிரி வந்தாள்.

அதற்குப் பெண்ணின் அம்மா, மாப்பிள்ளையின் அம்மா, அக்கம்பக்கம் எல்லாம் கூடி நிற்கும்போது, "ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கேட்டீர்களே. எட்டு வருஷம் இந்தக் கண்ணை வைத்துத்தான் உங்கள் படங்களைத் தேற்றிக் கொடுத்தேன்.

லேப்டாப்பை நான் தூக்கிக்கொண்டு வந்தது வேலைக்காக. கோபத்தில் இல்லை. சரி, கோபத்திலும்தான்.

சுஜா

மாமாவுக்கு: நீங்கள்தான் வாசிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் பிள்ளையைத் திட்டியது எதையும் விழுங்காமல் வாசித்துக் காட்டுங்கள்.


தாராவி
11 பிப்ரவரி 2024

அன்புள்ள சுஜாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நான் சொல்லச் சொல்ல அப்பா எழுதுகிறார். "அன்புள்ள" என்பது அவர் போட்டது.

உன் கடிதத்தை முழுவதும் வாசித்துக் காட்டினார். இரண்டு இடத்தில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னிடம் இருந்தது இருபத்து நான்காயிரம். அதற்குக் கிடைத்ததை வாங்கினேன். ஐம்பது, அறுபது என்று நான் எங்கே போவேன்? கல்யாண வீட்டுக்காரர் ஆல்பத்தை மூஞ்சியில் எறியாத குறைதான். அந்தக் கோபத்தில் கேட்டேன். கேட்டது கேட்டதுதான். ஸ்கிரீன் சரியில்லை என்று தெரிந்தவள் ஒரு டெஸ்ட் பிரிண்ட் போட்டுப் பார்த்திருக்கலாமே?

(மேலே உள்ள வரி வேண்டாம் என்றேன். எழுதுங்க என்கிறான். எழுதிவிட்டேன். - அமிர்தநாதன்)

சீசன் முடிந்ததும் வேறு லேப்டாப் பார்ப்போம். அதுவரைக்கும் இருப்பதை வைத்துச் சமாளி.

இப்படிக்கு,
ஸ்டெர்லின்

அம்மா சுஜா, இது நானாக எழுதுவது. ஈஸ்டருக்கு வந்துவிட்டுப் போ. அவன் வாய்தான் அப்படி. நீ இல்லாமல் இந்த ஒற்றை அறைக் கோலி வெறிச்சென்று இருக்கிறது. நானும் அவனும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அவன் போனைப் பார்க்கிறான், நான் தட்டைப் பார்க்கிறேன்.


அம்பர்நாத்
21 ஏப்ரல் 2024

ஸ்டெர்லின் அவர்களுக்கு,

கோயிலில் பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படங்கள் நானூற்று இருபதையும் பார்த்தேன். நன்றாகவே எடுத்திருக்கிறீர்கள். இந்த வரியை மாமா கொஞ்சம் சத்தமாக வாசிக்கட்டும், அடிக்கடி எழுத மாட்டேன். ஈஸ்டருக்கு வராததற்கு மாமாவிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்கிரீன் தொல்லை தீரவில்லை. ஆனால் பழகிவிட்டது. அதில் தெரியும் மஞ்சளை நான் நம்புவதே இல்லை. பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டால் பிரிண்ட் சரியாக வருகிறது. புளுகுகிற ஆளோடு குடும்பம் நடத்தினால் எவ்வளவு கழித்துக் கேட்க வேண்டும் என்று தெரிந்துவிடும் அல்லவா, அந்த மாதிரி.

வேறு லேப்டாப் வாங்குவது உண்மையானால் இந்தத் தடவையாவது நான் சொல்வதைக் கேளுங்கள். கடைக்காரன் ரேம், ரேம் என்பான். பதினாறு ஜிபி இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு ஸ்கிரீனுக்கு வாருங்கள். கம்பெனிகள் உபயோகித்துத் திருப்பிய மெஷினில் நல்ல ஸ்கிரீன் உள்ளது ஐம்பதாயிரத்துக்குள் கிடைக்கும். கையோடு ஒரு வெள்ளைத் தாள் கொண்டுபோங்கள். ஸ்கிரீனில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, தாளைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் நின்றும் பாருங்கள், கலர் மாறக்கூடாது. கடைக்காரன் காட்டும் பூவையும் கிளியையும் பார்த்து மயங்க வேண்டாம். நம் ஜனங்களின் முகம் உள்ள படங்களைப் பென் டிரைவில் எடுத்துப் போங்கள். நம் நிறம் சரியாகத் தெரிகிற ஸ்கிரீன்தான் நமக்கு வேண்டும்.

இன்னொரு விஷயம். பீடத்துக்கு முன்னால் பிள்ளைகளோடு எடுத்த குரூப் படத்தில் மாமாவின் கண் மஞ்சளாக இருக்கிறது. ஸ்கிரீனின் வேலை என்று விடப் பார்த்தேன். ஆனால் பக்கத்தில் நிற்கும் உபதேசியாரின் கண் அவ்வளவு மஞ்சள் இல்லை. ஒரே வெளிச்சம், ஒரே படம். எனக்கு மனசு ஒப்பவில்லை. மாமாவைப் பகல் வெளிச்சத்தில் நிற்க வைத்துக் கண்ணை நன்றாகப் பார்த்து எழுதுங்கள். கோலிக்குள் டியூப்லைட்டில் பார்த்தால் தெரியாது. பதில் வரும்வரை அந்தப் படத்தை முடிக்காமல் வைத்திருப்பேன்.

சுஜா


தாராவி
28 ஏப்ரல் 2024

அன்புள்ள சுஜாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். வழக்கம்போல் நான் சொல்ல அப்பா எழுதுகிறார்.

நீ எழுதியிருந்தபடி அப்பாவை வாசலில் வெயிலில் நிற்க வைத்துக் கண் இரண்டையும் பார்த்தேன். பளிச்சென்று இருக்கிறது. எல்லாம் அந்தப் பாழாய்ப்போன ஸ்கிரீனின் வேலை. வீணாக மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. கண்ணை வெள்ளையாக்கிப் படத்தை அனுப்பிவிடு. பங்குச் சாமியார் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சுஜா, அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் உன்னை அப்படிக் கேட்டது பெரிய தப்பு. கேட்ட நிமிடமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். பின்னாலேயே வந்து சொல்ல ரோஷம் விடவில்லை. உன் கண் இல்லாமல் இந்தத் தொழில் இல்லை, எனக்கு இந்த வீடும் இல்லை. என்னை மன்னித்துவிடு.

ஒரு மாதம் பொறு. நல்ல லேப்டாப்பாக வாங்கிவிடுகிறேன். பிறகு நீ நம் வீட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நிம்மதியாக வேலை பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஸ்டெர்லின்


தாராவி
9 ஜூன் 2024

அன்புள்ள சுஜாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். லேப்டாப் வாங்கியாயிற்று. வெயிலுமுத்து அண்ணன் குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு வருவார்.

நீ சொன்ன ஒன்றையும் விடவில்லை. நாலு கடை ஏறினோம். வெள்ளைத் தாளை ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் பிடித்ததும், லேப்டாப் வாங்க வந்தாயா பரீட்சை எழுத வந்தாயா என்று ஒரு கடைக்காரன் இந்தியில் கிண்டல் செய்தான். செய்யட்டும் என்று விட்டேன். நாலாவது கடையில் தாளும் ஸ்கிரீனும் ஒன்றாக இருந்தன. கல்யாணப் படங்களைப் போட்டுப் பார்த்தோம். நம் ஜனங்கள் நம் ஜனங்களாகவே தெரிந்தார்கள். விலை ஐம்பத்திரண்டாயிரம். அப்பா சீட்டு எடுத்த பணத்தையும் கொடுத்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

இனி உனக்கு அங்கே என்ன வேலை? வந்துவிடு.

இப்படிக்கு,
ஸ்டெர்லின்

அம்மா சுஜா, இது நான். கை கொஞ்சம் நடுங்குகிறது, எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள். நல்ல சாமான், அடித்துப் பேசி வாங்கினோம். இனி நீ நாள் கடத்தாதே.


அம்பர்நாத்
11 ஜூன் 2024

புது லேப்டாப்பில் முதல் வேலையாக அந்தக் குரூப் படத்தைத் திறந்தேன். நான் கை வைக்காத ஒரிஜினல். பிள்ளைகளின் உடுப்பு வெள்ளை. பீடத்துத் துணி வெள்ளை. உபதேசியாரின் கண் வெள்ளை. மாமாவின் கண் மட்டும் மஞ்சள்.

இது ஸ்கிரீன் இல்லை. ஸ்கிரீன் இல்லவே இல்லை.

பிளாக்கை எடுத்துவிட்டு உங்களுக்குப் பன்னிரண்டு தடவை போன் செய்துவிட்டேன். ஷூட்டிங்கில் சைலண்ட்டில் போட்டிருப்பீர்கள். மாமாவின் போனுக்கு அடித்தால், எடுத்து, "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்று வைத்துவிட்டார். ஷிப்ட் முடிந்து கிளம்பும் வெயிலுமுத்து அண்ணனிடம் இதைக் கொடுத்து, வாயாலும் சொல்லியிருக்கிறேன். மாமாவை இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அக்கா வேலையிலிருந்து வந்ததும் அவள் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு அடுத்த வண்டியில் வருகிறேன்.

சுஜா


அம்பர்நாத்
22 செப்டம்பர் 2024

ஸ்டெர்லின் அவர்களுக்கு,

மாமாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டேன். அந்த வீட்டில் உங்களோடு உட்கார்ந்து ஒரு வாய் சோறு என்னால் சாப்பிட முடியவில்லை.

பித்தக்குழாயில் கட்டி, ஏப்ரலிலேயே வந்திருந்தால் ஆபரேஷன் செய்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள். ஏப்ரலில் நான் எழுதிக் கேட்டேன். வெயிலில் நிற்க வைத்துப் பார்த்தேன் என்று பதில் எழுதினீர்கள். பார்த்தீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். எந்த மஞ்சள் போட்டோவிலேயே அப்படித் தெரிந்ததோ, அது வெயிலில் தெரியாமல் போகுமா? போனிலிருந்து தலையைத் தூக்க அலுப்புப்பட்டு, "பளிச்சுன்னு இருக்குன்னு எழுதுங்க" என்று சொல்லியிருப்பீர்கள். அந்த மனுஷனும் மகன் பார்த்துச் சொன்னான் என்று நம்பி எழுதியிருப்பார்.

ஆஸ்பத்திரியில் மாமாவிடம் கேட்டேன். "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உங்களைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனசு இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் எல்லார் முன்னாலும் உங்களைப் பொய்யன் என்றேன். நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே எனக்குப் பதில் ஆகிவிட்டது.

நானும் யோக்கியம் இல்லை. மாமாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தது நான் வெள்ளையாக்கிய அதே படம். "கண்ணு எவ்வளவு தெளிவா இருக்கு பாரு" என்று வந்தவர்கள் எல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார்கள். மவுஸை வைத்து அந்த மஞ்சளைத் துடைத்தது இந்தக் கைதான். அழித்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறதே என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

லேப்டாப்பை வெயிலுமுத்து அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். வேறு யாரையாவது எடிட் செய்யப் பாருங்கள்.

சுஜா


தாராவி
13 அக்டோபர் 2024

சுஜா,

இதை நானே எழுதுகிறேன். எட்டு நாள் ஆனது. ஜெபப் புத்தகத்தில் தெரிந்த ஜெபத்தைத் தேடுகிற அளவுக்குத்தான் எனக்குத் தமிழ் வரும். அப்பாவின் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன்.

நீ பொய்யன் என்று சொன்னபோது எந்தப் பொய் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் பேசவில்லை. உன் செப்டம்பர் கடிதம் வந்த பிறகு உன் பழைய கடிதங்களைத் தேடினேன். அப்பா எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். ஒரு கடிதம் வாசிக்க எனக்கு இரண்டு நாள் ஆகிறது.

ஏப்ரல் கடிதத்தில் அப்பாவின் கண்ணைப் பற்றி எழுதியிருக்கிறாய். எனக்கு அதை அவர் வாசிக்கவில்லை. லேப்டாப் எப்படி வாங்க வேண்டும் என்பது வரைக்கும் வாசித்தார். "அவ்ளோதாம்ல" என்று மடித்துவிட்டார்.

பதிலுக்கு நான் சொன்னது ஒரே வரி. "ஒரு மாசம் பொறுக்கச் சொல்லுங்க." மற்றது எல்லாம் அப்பாவாக எழுதியது. வெயிலில் பார்த்தேன் என்பது அவர் எழுதியது. மன்னித்துவிடு என்பதும் அவர் எழுதியது. நான் அதைச் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தை வாசித்துத்தான் உன் மனசு இளகியது என்று உன் ஆனி அக்கா என்னிடம் சொன்னார்கள். அதனால் இதைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. சொல்லாமல் விட்டால் நீ ஒருநாள் வந்துவிடுவாய் என்றும் நினைத்தேன். பிறகு முடியவில்லை.

பெட்டியில் ஒரு டாக்டர் சீட்டும் இருந்தது. மார்ச் தேதி. உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அது இங்கிலீஷ், அதனால் ஒரு நிமிஷத்தில் வாசித்துவிட்டேன். தனியாகப் போய்க் காட்டியிருக்கிறார். ஸ்கேன் எடுக்கவில்லை. கீழாநெல்லியை அரைத்து மோரில் குடித்தார். மஞ்சள் காமாலைக்கு ஊரில் எல்லாரும் அதைத்தானே குடிப்பார்கள், பத்து நாளில் போய்விடும் என்று நினைத்திருக்கிறார். வெயிலுமுத்து அண்ணன்தான் அம்பர்நாத்தில் தண்டவாளத்து ஓரம் பறித்துக் கொண்டுவந்து கொடுத்தாராம். உன் கடிதம் வந்த அதே பையில். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அப்பா அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். இப்போது சொல்லி அழுகிறார் அந்த மனுஷன்.

"மருமவ வந்து ஒக்காரணும்னா நல்ல லேப்டாப்பு வேணும். இப்ப காலிபீலியா, ஒண்ணுமில்லாததுக்கு, ஆஸ்பத்திரிச் செலவு வந்துட்டா அது நடக்குமா?" அப்பா அவரிடம் இப்படிச் சொன்னாராம்.

நான் தினமும் காலையில் அந்தப் பச்சைச் சாற்றைப் பார்த்தேன். ஒரு நாள் கேட்டேன். "ஒடம்பு சூடுல" என்றார். சரி என்று போய்விட்டேன். கடையில் டெஸ்ட் பண்ண அந்தக் குரூப் போட்டோவைத்தான் முதலில் திறந்தேன். "அத மூடுல, கல்யாணப் படத்தப் போடு" என்றார். மூடினேன். அவ்வளவு நல்ல ஸ்கிரீன் முன்னால் இருந்தது. அவரும் பக்கத்தில் நின்றார். நான் இரண்டையும் பார்க்கவில்லை.

பழியை அப்பா மேல் போட இதை எழுதவில்லை. ஒரே கோலியில் நாலு மாசம் அவரோடு இருந்தேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு உன் கடிதம் எதற்கு?

அன்றைக்கு எல்லார் முன்னாலும் உன்னைக் கேட்ட வார்த்தைக்கு என்னை மன்னித்துவிடு. இதை நான் சொல்கிறேன்.

ஸ்டெர்லின்


அம்பர்நாத்
20 அக்டோபர் 2024

அன்புள்ள ஸ்டெர்லின்,

நீங்களே வாசிக்க வேண்டும் என்பதால் பெரிய எழுத்தாக, சின்ன வரியாக எழுதுகிறேன். நிதானமாக வாசியுங்கள்.

பொய்யன் என்றதற்கு என்னை மன்னியுங்கள்.

செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு மாமா மேல் கோபம் வருகிறது. சண்டை போடலாம் என்றால் அவர் இல்லை. அதனால் அழுகிறேன். அக்கா பயப்படுகிறாள்.

என் மேல்தான் அதிகம் கோபம் வருகிறது. எனக்குச் சந்தேகம் இருந்தது. படத்தில் பார்த்தேன், கடிதத்தில் கேட்டேன். ஒன்றரை மணி நேரம் ட்ரெயின். ஏறி வந்து அவர் முகத்தைப் பார்த்திருக்கலாம். நீங்கள் வந்து கூப்பிடாமல் படி ஏறக்கூடாது என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தேன்.

ஆல்பத்தில் வந்த நீலமும் என் தப்புதான். டெஸ்ட் பிரிண்ட் போட்டிருக்க வேண்டும். அன்றைக்கே எனக்குத் தெரியும்.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். முதல் நாள் சாயங்காலமே வந்துவிடுகிறேன். சயன் ஸ்டேஷனுக்கு வாருங்கள். மெழுகுதிரியும் பூவும் வாங்கி வையுங்கள். என் துணிமணி எல்லாம் எடுத்துக்கொண்டுதான் வருகிறேன், திரும்பிப் போக வரவில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். லேப்டாப் இல்லாததால்தான் நான் வரவில்லை என்று மாமா நினைத்துவிட்டார். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். நானும் கடிதம் கடிதமாக அதைப் பற்றியே எழுதினேன், வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மன்னித்துவிடு என்று இப்போது உங்கள் கையால் எழுதினீர்களே ஒரு வரி, அதை பிப்ரவரியில் வாயால் சொல்லியிருந்தால் போதும். அந்த மஞ்சள் ஸ்கிரீனைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே வந்திருப்பேன்.

சுஜா